ஞானப்பல்லும் முதல் ஓலையும்

அத்தியாயம் பதினொன்று

நீக்கிலாப்பிள்ளை பேசாமல் இருக்கிறார் என்ற செய்தியைக் குருநகரில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. கரையில் நின்று அவர் ஒரு சத்தம் வைத்தால், மண்டைதீவுப் பக்கம் போகிற வள்ளம் திரும்பிப் பார்க்கும். கோவிலில் அவர் 'ஆமென்' சொன்னால், அது அடங்கும்வரை பொறுத்துத்தான் சுவாமியார் அடுத்த வரிக்குப் போவார். அப்படிப்பட்ட மனிதர் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, இடது கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி, கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம், ஞானப்பல். கடைவாயின் ஆகக் கடைசியில் முரசுக்குள், ஈற்றுச் சதைக்குள், படுத்துக் கிடந்த பல்லை, முரசை வெட்டி, உடைத்து, துண்டு துண்டாக எடுத்து, வெட்டிய இடத்தைக் கறுப்பு நூலால் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அம்பது வயசு தாண்டி ஒரு மனிசனுக்கு ஞானம் முளைக்கிறதே பெரிசு. முளைச்சதையும் பிடுங்கிப்போட்டினம்" என்று அவருடைய மனைவி மார்கிரட் முதல் நாள் பகிடி விட்டாள்.

இன்று சனிக்கிழமை விடியும்போது அவளிடம் பகிடி ஒன்றும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொல்லிவிட்டதையெல்லாம் அவள் பரலோக மந்திரம்போலப் பாடமாக்கியிருந்தாள். முதல் நாள் பஞ்சைக் கடித்தபடி இருக்கவேண்டும். துப்பக் கூடாது. எதையும் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் குழிக்குள் கட்டியிருக்கிற இரத்தம் பெயர்ந்துவிடும், பிறகு வருகிற நோவுக்கு மருந்து இல்லை. அதனால் சுருட்டுக்குத் தடை. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரை வாயில் வைத்திருந்து, அடித்துக் கொப்பளிக்காமல், தலையைச் சரித்து வழியவிட வேண்டும். தையலை நாக்கால் துழாவக் கூடாது. அந்தப் பக்கத்தால் சப்பக் கூடாது. அதிகம் கதைக்கக் கூடாது.

இதற்கு மேல் மார்கிரட் தன் கணக்கில் ஊர்ப் பத்தியத்தையும் சேர்த்தாள். நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாமான். ஆறுகிற புண்ணைக் கிளப்பிவிடும். எனவே அவருக்கு மட்டும் குழைந்த சோறும், உறைப்பில்லாத ஒட்டி மீன் சொதியும். பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்று, கரையைச் சீவி எறிந்துவிட்டு, நடுச்சதையைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். வீக்கத்துக்கு, அவளுடைய தம்பி சிமியோன் மீன் வாடியிலிருந்து ஐஸ்கட்டி கொண்டுவந்தான். அதைச் சீலையில் சுற்றிக் கன்னத்தில் வைத்ததில் வீக்கம் வற்றியது. ஆனால் கன்னம் மீன் மணத்தது. பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு நாள் கதிரைக்கு அடியைவிட்டு அசையவில்லை.

இவ்வளவு பார்த்தும், 'அதிகம் கதைக்கக் கூடாது' என்று மிஸ்ஸி சொன்னதை அவர் 'கதைக்கவே கூடாது' என்று எடுத்துக்கொண்டதுதான் மார்கிரட்டின் தொண்டைக்குள் முள்ளாக நின்றது.

பல்லும் புதிதாக நொந்த பல் அல்ல. போன யாகப்பர் திருநாளிலிருந்து அது அவரை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. கராம்பு வைத்தார், புகையிலை வைத்தார், உள்ளுக்குச் சாராயமும் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வீட்டின் பின்கோடிப்பக்கம் ஓடினார். அப்படிப்பட்டவர், மகள் மரியநாயகிக்குச் சம்பந்தம் கதைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அடுத்த நாள், ஒருவரும் சொல்லாமல் தானாகவே எழும்பி, முகம் கழுவி, சேட்டுப் போட்டுக்கொண்டு பல்லுப் பிடுங்கப் போனார்.

ஆம்பிளை ஒருவன் பல்லுப் பிடுங்கத் தானாகப் போவதா?

அந்த வரவை நினைக்க நினைக்க மார்கிரட்டுக்கு ஒவ்வொரு சாமானாக ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை அருட்பிரகாசம் கப்பலில் வேலை செய்கிற பெடியன், வாசலில் செருப்பை நேராகக் கழற்றி வைத்தான். அதிலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. தகப்பன் இன்னாசித்தம்பி சாதுவான மனிதர். தாய் கத்தரீனா நெற்றியில் வேர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். கதிரையிலிருந்து எழும்பி வரவேற்கப்போன நீக்கிலாப்பிள்ளையின் முகத்தைக் கண்டாள். வாசற்படியிலேயே நின்றாள். இவரும் நின்றார். பிறகு தேத்தண்ணி கொடுத்தபோது கத்தரீனாவின் கையில் கோப்பை ஆடிய ஆட்டத்தில், பாதித் தேத்தண்ணி கீழ்ப் பீங்கானில் கிடந்தது.

"முந்தித் தெரியுமோ அவையளை?" என்று அன்றிரவே மார்கிரட் கேட்டாள்.

"எனக்குப் பல்லு நோகுது" என்றார் அவர். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த கடைசி முழு வசனம்.

*

"இஞ்சேருங்கோ. ஆவெண்டுங்கோ பாப்பம்."

கையில் டோச் லைட்டுடன் மார்கிரட் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"ம்ம்."

"ம்ம் இல்லை. ஆ."

நீக்கிலாப்பிள்ளை கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

"வீக்கம் எங்கை? அது எப்பவோ வத்திப்போச்சு."

அவர் விரலால் வாய்க்குள்ளே சுட்டினார்.

"உள்ளுக்கோ? அந்த உள்ளுக்கைத்தானே பாக்கவேணுமெண்டு விடியக் காத்தாலை டோச்சோடை நிக்கிறன்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தையல் பிரிக்க இந்த வாரத் தொடக்கத்தில் போகவேண்டியிருந்தது. போய்வந்து, புண் ஆறவில்லையாம், திங்கட்கிழமை வரட்டாம் என்று கையாலும் புருவத்தாலும் சொல்லிவிட்டார். அவருடைய கைப்பாஷை இந்தப் பத்து நாளில் நன்றாகத் தேறியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டால் சிலுவைப்பாதையையே கையால் நடத்துவார்.

"திங்கள்வரைக்கும் பொறுக்கேலாது கண்டியளோ. இண்டைக்குப் பின்னேரம் அறைவீட்டிலை சுவாமி கேப்பார். அவருக்கும் ம் எண்டே சொல்லப்போறியள்?"

அவர் கையை மேலே காட்டினார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அதற்கு அர்த்தம்.

"ஆண்டவருக்கு ஒரு பெட்டையோ பத்துப் பெட்டையோ. எனக்கு ஒண்டுதான்."

ஆண்டவருக்கு விட்டுவிடக்கூடிய விஷயமும் அல்ல அது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண் மாப்பிள்ளையின் பெயரை வாசித்து, 'இதற்கு விக்கினம் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்' என்று கேட்கவேண்டும். அதற்குத்தான் ஓலை என்று பெயர். முதல் ஓலை வாசிக்குமுன், இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் சுவாமியார் குடியிருக்கிற அறைவீட்டில் அவருக்கு முன்னால், தங்களுக்குத் தெரிந்து விக்கினம் ஒன்றும் இல்லை என்று வாயால் சொல்லவேண்டும். விபூதிப் புதனுக்குள் இருப்பது மூன்றே ஞாயிறு. நாளை முதல் ஓலை விழாவிட்டால் தபசுகாலம் வந்துவிடும்; தபசுகாலத்தில் கலியாணம் இல்லை. தபசு முடிந்து பாஸ்காவுக்கு மணி அடிக்கும்போது மாப்பிள்ளை எந்தக் கடலில் நிற்பானோ. அவனுடைய லீவு அதுவரை வராது. கப்பலில் போகிறவனை அடுத்த லீவுவரைக்கும் வைத்திருக்கிறது, காற்றைக் கட்டி வைத்திருக்கிற மாதிரித்தான்.

உப்புத்தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"பிறந்ததிலையிருந்து உப்புத்தண்ணிக்குள்ளை கிடந்த மனிசன். ஒரு கோப்பைக்கு உந்த முகமோ?"

*

மார்கிரட் குசினிக்குள் போனதும் மரியநாயகி வந்து கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள். அரிவாளில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த தாய்க்குக் காது முழுக்க விறாந்தையில்தான் இருந்தது.

"அப்பா, நீங்கள் கதைக்கவேண்டாம். நான் கேக்கிறதுக்குத் தலையை மட்டும் ஆட்டுங்கோ. அவரை உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

குசினிக் கதவின் நீக்கலால் மார்கிரட் எட்டிப் பார்த்தாள். அவர் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார்.

"அப்ப, பிடிச்சிருக்கோ?"

ஓம் என்று ஆட்டினார். அதிலும் ஒரு பொய் இல்லை.

"அப்ப இந்தக் கலியாணம் நடக்கட்டுமோ?"

தலை அசையவில்லை. மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. மகளுடைய தலையில் கையை வைத்தார்; கண் நிறைந்து, மீன் மணம் இன்னும் போகாத அந்தக் கன்னத்தில் வழிந்தது.

"அழாதேங்கோ அப்பா. தையல் இழுக்கும்" என்றாள் மரியநாயகி. சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

மார்கிரட் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு முந்தானையை எடுத்தாள். பெடியனைப் பிடித்திருக்கிறது. கலியாணத்துக்குத் தலை அசையமாட்டாது. அப்படியானால் இடைஞ்சல் பெடியனிடம் இல்லை. வேறு யாரிடமோ.

*

மத்தியானத்துக்குச் சற்று முன் சிமியோன் வந்தான். கையில் ஓலைப்பறி, பறிக்குள் நீலக்கால் நண்டு.

"அக்கா, நாளைக்கு ஓலை வாசிக்கிற சந்தோஷத்துக்கு. அத்தானுக்கு இப்ப வலு சுகம்தானே?"

"என்ன சுகம்? வாய் துறக்கேலாமல் கிடக்கிறார்."

சிமியோன் சிரித்தான். "விடுங்கோ அக்கா பகிடியை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலை கண்டனான். நான் எங்கடை முதலாளியைப் பாக்கப் போனனான். அத்தான் பல்லுப் பகுதி வாசலிலை மிஸ்ஸியோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு நிண்டவர்."

மார்கிரட் அரிவாளை மடக்கி வைத்தாள். வியாழக்கிழமை அவர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவதாகத்தான் கையால் சொல்லிவிட்டுப் போனார்.

"கதைச்சவரோ?"

"கதைச்சவரோவோ? கேற்றடிவரைக்கும் கேட்டுது. தையல் பிரிக்கேக்கை எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருந்தது எண்டு மிஸ்ஸிக்குப் புழுகிக்கொண்டு நிண்டார்."

"தையல் பிரிச்சாச்சோ!"

அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் சிமியோனுக்குத் தான் எதற்குள் கால் வைத்தோம் என்று பிடிபட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே இல்லை.

"கூட வந்த மனிசி உங்களிட்டைச் சொல்லேல்லையோ?"

"எந்த மனிசி?"

"எனக்குத் தெரியாது அக்கா. வாங்கிலை இருந்தா. அத்தான் போய்ப் பக்கத்திலை இருந்து ஏதோ கெஞ்சிற மாதிரிக் கதைச்சார். அவ மாட்டன் மாட்டன் எண்டு தலையை ஆட்டினா. சேலைத் தலைப்பாலை முக்காடு போட்டிருந்தா, முகம் தெரியேல்லை. நல்ல வெள்ளை மனிசி. நெத்தியை நெத்தியைத் துடைச்சுக்கொண்டு..."

"சிமியோன்."

"என்ன அக்கா?"

"நண்டுக்கு நன்றி. வீட்டை போ."

*

நண்டை அவள் வேண்டுமென்றே உறைப்பாகக் காய்ச்சினாள். முருங்கையிலை போட்டு, கடைசியில் கொஞ்சம் சீரகமும் மிளகும் இடித்துப் போட்டு, மணம் விறாந்தைவரைக்கும் போகட்டும் என்று மூடியையும் சரித்து வைத்தாள். மகளைத் தையற்காரியிடம் சட்டை வாங்க அனுப்பினாள். பிறகு விறாந்தையில் வந்து நின்று, "நான் கோவிலடிக்குப் போட்டு வாறன். உங்கடை சோறும் சொதியும் மூடிக் கிடக்கு. நண்டுச் சட்டியைத் தொட்டுப் போடாதேங்கோ, கிரந்தி!" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினாள்.

ஒழுங்கையால் சுற்றிவந்து, பின்வேலியில் ஆள் நுழைகிற அளவு இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்தபோது கிடுகு அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்தது. கோழி ஒன்று அவளைப் பார்த்து, இவளுக்கு என்ன வந்தது என்று நின்றது. சொந்தக் குசினிக்குக் களவாக வருகிற பொம்பிளை என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். சுவரோடு ஒட்டி நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சட்டி மூடி அரங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, 'டக்'.

நண்டுக்கால் உடைபடுகிற சத்தத்தை மார்கிரட் நித்திரையிலும் அடையாளம் சொல்லுவாள். அதுவும் சின்னக்கால் அல்ல, பெருங்கால். அதைப் பல்லால் உடைக்கத் தெம்பான கடைவாய் வேண்டும்.

"நண்டு எப்பிடி?" என்றாள் வாசலில் நின்று.

நீக்கிலாப்பிள்ளை குனிந்த நிலையிலேயே உறைந்தார். தாடியில் குழம்பு. வாயில் நண்டுக்கால். இந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை.

"ம்" என்றார்.

இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்து நிலத்தில் இருந்திருப்பாள். டோச்சை எடுத்துவந்து அவருடைய நாடியை நிமிர்த்திப் பிடித்தாள்.

"ஆ."

இந்த முறை திறந்தார். நூல் இல்லை. சிவப்பு இல்லை, சீழ் இல்லை. வெட்டிய இடத்தில் இரண்டு பக்கத்து முரசும் கூடி, நடுவில் சின்னக் குழி மட்டும் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. அவள் காய்ச்சிய உப்புத்தண்ணியும், ஊறவைத்த பாணும், உறைப்பில்லாத சொதியும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"உந்த வாய்க்குத்தானே நான் விடியக் காத்தாலை எழும்பி வரிசையிலை நிண்டனான். வடிவாப் புண் மாறிப்போய்க் கிடக்கு. மாறின வாயை ஏன் பூட்டி வைச்சிருக்கிறியள்?"

அவர் நண்டுக்காலைச் சட்டியின் விளிம்பில் மெதுவாக வைத்தார்.

"ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்த மனிசி ஆர்?"

"மார்கிரட்..." வீட்டுக்குள் பத்து நாளாகப் பாவிக்காத குரல், துருப்பிடித்த கப்பி மாதிரிக் கிறீச்சிட்டது.

"ஆர் எண்டு கேட்டனான்."

"கத்தரீனா."

தெரிந்த பதில்தான். ஆனாலும் அது அவர் வாயால் வந்தபோது, பாய்மரக் கட்டை திரும்பி நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது. அடுப்படிக் கல்லில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பிழையா நினையாதை. நான் அவவுக்கு ஒரு சத்தியம் குடுத்திட்டன். அவ விட்டாத்தான் நான் வாய் துறக்கலாம். வியாழக்கிழமை கெஞ்சிப் பாத்தனான். விடமாட்டாவாம்."

"எப்ப குடுத்த சத்தியம்?"

"அந்தப் பெடியன் பிறந்த காலம்."

அவள் மறுபடி வாயெடுக்குமுன் படலை அரங்கித் திறந்தது. மரியநாயகி புதுச் சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். "அம்மா, சட்டை சரியாப் பொருந்துது! என்ன, அப்பா நண்டோ சாப்பிடுறார்?"

"ஓம்" என்றாள் மார்கிரட். "அப்பாவுக்குச் சுகம் வந்திட்டுதாம்."

*

பின்னேரம் எல்லோரும் நடந்தே அறைவீட்டுக்குப் போனார்கள். கடற்கரை ஒழுங்கையில் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆம்பிளைகள் முன்னால், பொம்பிளைகள் பின்னால். வழக்கமாகக் கதையில் தோய்ந்துபோகிற மார்கிரட் இன்றைக்கு மாப்பிள்ளையின் காதுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூக்கு இன்னாசித்தம்பியின் மூக்குத்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காது? காது கொஞ்சம் வெளியே விரிந்த காது. நீக்கிலாப்பிள்ளையின் காதும் விரிந்த காது. சற்று முன்னால் போன சிமியோனின் காதையும் பார்த்தாள்; அதுவும் விரிந்துதான் கிடந்தது. எதிரில் வந்த பாண்காரனின் காது எல்லாவற்றையும்விட விரிவு. கடற்காற்றில் நிற்கிற எல்லோருக்கும் காது அப்படித்தானோ? காது வைத்து ஒன்றையும் பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்வையை எடுக்க முடியவில்லை.

'மாதாவே, நான் நினைக்கிறது பிழையெண்டால் என்னை மன்னியும். சரியெண்டால் அந்த மனிசனை மன்னியாதேயும்.'

கத்தரீனா அவளுக்குப் பக்கத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

சுவாமியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விறாந்தை வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெற்றோரை உள்ளே கூப்பிட்டார். சிமியோன் கேற்றடியில் நின்றுகொண்டான். மேசையில் நாளைக்கு வாசிக்கிற கடுதாசி, மைப் பேனை, மூக்குக்கண்ணாடி. சுவாமியார் வயதானவர்; கேலிக்காரர்.

"நீக்கிலாப்பிள்ளை இல்லாமல் பூசையிலை 'ஆமென்' சத்தமே எழும்பேல்லை. சரி, பெண்ணின்ரை தகப்பன் முதல் சொல்லும். இந்தப் பிள்ளையள் கலியாணம் முடிக்கிறதுக்கு உமக்குத் தெரிஞ்ச விக்கினம் ஏதும் உண்டோ?"

நீக்கிலாப்பிள்ளையின் கை கன்னத்துக்குப் போனது. மற்றக் கை வாயைச் சுட்டி, ஊசி குத்துவதுபோல நடித்து, மேலே காட்டியது.

"பாவம், இன்னும் தையலோடை இருக்கிறீரோ? அப்ப தலையை ஆட்டும். எனக்குப் போதும்."

தலையை ஆட்டினால் போதும். மார்கிரட்டுக்கு அந்த நொடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் இல்லை என்று ஒரு முறை தலையாட்டிவிட்டால் நாளைக்கு ஓலை விழும். மகள் புதுச் சட்டையோடு கோவிலுக்குப் போவாள். கப்பல்காரன் நேரத்துக்குத் தாலி கட்டுவான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் விக்கினம் இருந்தால்? அது அவள் நினைக்கிற விக்கினமாகவே இருந்தால்?

விறாந்தையிலிருந்து மரியநாயகியின் குரல் மெல்லக் கேட்டது.

"சுவாமி," என்றாள் மார்கிரட், "அவருக்குத் தையல் இல்லை. வியாழக்கிழமையே பிரிச்சாச்சு. மத்தியானம் நண்டு சாப்பிட்டவர்."

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றினார். நீக்கிலாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. பிறகு கத்தரீனாவைப் பார்த்தார். கத்தரீனா, மற்றவர்கள் காணாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள். மார்கிரட் கண்டாள்.

"மன்னிச்சுக் கொள்ளு தங்கச்சி" என்றார் நீக்கிலாப்பிள்ளை கத்தரீனாவிடம். "என்ரை பிள்ளையின்ரை ஆத்துமம்."

பிறகு அந்தக் கிறீச்சிட்ட குரலில் சொல்லத் தொடங்கினார்.

"சுவாமி, முந்தி நான் தீவுப் பக்கம் சாமான் வள்ளம் ஓடினனான். ஒருநாள் நல்ல காத்து. எழுவைதீவு துறையிலை ஒரு பொம்பிளை கைப்பிள்ளையோடை நிண்டு, தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடச்சொல்லி அழுதா. ஏத்தினன். பாதிக் கடலிலை பிள்ளைக்கு மூச்சு நிண்டு நிண்டு வந்தது, உடம்பு நீலம் பாஞ்சுபோச்சு. ஞானஸ்நானம் இல்லாமல் சாகப்போகுதெண்டு தாய் குழறினா. நான் என்ன செய்ய? கையாலை கடல்தண்ணியை அள்ளி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலை எண்டு சொல்லி ஊத்தினன். மூண்டு தரம். மூண்டாம் தரம் பிள்ளை வீரிட்டுக் கத்திச்சு."

கத்தரீனா சேலைத் தலைப்பை வாயில் அழுத்தினாள்.

"கரைக்கு வரேக்கை அந்தப் பிள்ளை சோக்காப் பால் குடிச்சுது. அப்ப அந்தத் தாய் சொன்னா, அண்ணை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, மாமியார் பெரிய ஆளை ஞானத்தகப்பனா ஒழுங்கு பண்ணியிருக்கிறா, ஆரோ வள்ளக்காரன் கடலிலை ஊத்திப்போட்டானெண்டால் என்னை வைச்சிருக்கமாட்டா எண்டு. நான் அந்தோனியார்மேலை சத்தியம் பண்ணினனான். பேரும் கேக்கேல்லை, ஊரும் கேக்கேல்லை. அண்டைக்குச் சம்பந்தம் கதைக்க வரேக்கைதான் திரும்ப முகத்தைக் கண்டனான்."

"சரி," என்றார் சுவாமியார், "அதிலை விக்கினம் எங்கை?"

"எங்கையோ? சுவாமி, தண்ணி ஊத்தினவன் ஞானத்தகப்பன். அப்ப அந்தப் பெடியன் எனக்குப் பிள்ளை. என்ரை பெட்டைக்குச் சகோதரம். சகோதரத்துக்குச் சகோதரம் தாலி கட்டுறதோ? விக்கினம் இல்லையெண்டு பொய் சொல்லவும் ஏலாது. உண்டெண்டு சொல்லிச் சத்தியத்தை உடைக்கவும் ஏலாது. பல்லைப் பிடுங்கினால் கொஞ்ச நாளைக்குக் கதைக்கேலாதெண்டு ஆரோ சொன்னாங்கள். பிடுங்கினனான்."

மார்கிரட் கதிரையில் இருந்துவிட்டாள். கெட்ட பல்லு ஒன்றும் கெட்ட நினைவு ஒன்றும் ஒரே நேரத்தில் கழன்றதுபோல இருந்தது. அவர் சொன்ன முறையில் அவளும் பிழை காணவில்லை. அந்தக் கரையில் ஞானத்தகப்பன் வீட்டுப் பெண்ணை எவனும் கேட்டு வந்ததில்லை. ஆனால் காது பார்த்துக்கொண்டு வந்தாளே, பாவி!

சுவாமியார் சிரிக்கக் கூடாது என்று மிகவும் முயன்றார். முடியவில்லை.

"நீக்கிலாப்பிள்ளை, கவனமாக் கேளும். ஞான உறவு தண்ணி ஊத்தினவருக்கும் தண்ணி வாங்கின பிள்ளைக்கும் இடையிலைதான். திருச்சபைச் சட்டப்படி நீர் அந்தப் பெடியனைக் கலியாணம் முடிக்கேலாது. உம்முடைய மகள் தாராளமா முடிக்கலாம். ரண்டு தரம் ஞானஸ்நானம் விழுந்த விஷயத்தை ஆயர் ஆண்டகைக்கு நான் எழுதுறன். அது என்ரை தலையிடி."

"விக்கினம் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் சும்மாவோ பல்லைக் குடுத்தனான்?" என்று நீக்கிலாப்பிள்ளை கேட்ட சத்தம், பத்து நாள் சேர்த்து வைத்த சத்தம், கேற்றடியில் நின்ற சிமியோனைத் துள்ள வைத்தது. மார்கிரட் அவருடைய கையைப் பிடித்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் கிள்ளினாள், பிறகு விடவில்லை.

சுவாமியார் பேனையில் மையைத் தோய்த்தார். "பெண் பகுதி முடிஞ்சுது. இன்னாசித்தம்பி, நீரும் சொல்லிவிடும். விக்கினம் ஒண்டும் இல்லைத்தானே?"

இன்னாசித்தம்பி சுவாமியாரைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக இருந்த மனிதர், மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எழுவைதீவோ?" என்றார்.

கத்தரீனா நெற்றியைத் துடைக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

"பிள்ளை பிறக்கேக்கை நான் திருகோணமலையிலை வேலை. உன்ரை அம்மா வீட்டிலை, நெடுந்தீவை விட்டு அசையேல்லை எண்டுதானே சொன்னனீ. எங்கடை சனம் முழுக்க நெடுந்தீவு. எழுவைதீவிலை எங்களுக்கு ஆர் இருக்கினம், கத்தரீனா?"

அந்தக் குரலை மார்கிரட்டுக்குத் தெரியும். இந்தப் பத்து நாளும் அவளுக்குள்ளே கதைத்துக்கொண்டிருந்த சந்தேகத்தின் குரல்தான் அது. அவள் கணவனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வெளியே வாங்கில் அருட்பிரகாசம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். மரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாசித்தம்பி?" என்றார் சுவாமியார். பேனை முனையில் மைத்துளி திரண்டு நின்றது.

"கொஞ்சம் பொறுங்கோ சுவாமி. நான் இன்னும் சொல்லேல்லை."